புல்லறுக்கப் போனவளைப் பற்றிய செய்தி

என் வீட்டுக்காரர் கொடைக்கானலில் பத்திரிகை ஏஜெண்ட். மதுரையில் அச்சாகும் அதே பத்திரிகைக்குப் பகுதி நேர நிருபரும் அவர்தான். செய்தியை எழுதிக் கவரில் போட்டு மதுரை பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவார். பனிமூட்டம், பூண்டு விலை, படகுப் போட்டி, அவ்வளவுதான் செய்தி. இதற்கு அவர் அடித்து அடித்து எழுதுவதைப் பார்த்து நான் கேலி செய்வேன்.

ஐம்பதுகளின் கடைசியில், பக்கத்து மலைக் கிராமமான பேத்துப்பாறையில் புல்லறுக்கப் போன பெண்ணொருத்தி பாறையில் வழுக்கி விழுந்து இறந்தாள். கூடப் போன பக்கத்து வீட்டுக்காரி கண்ணெதிரே நடந்தது. இவர் நேரில் போய் அவளிடம் கேட்டு, அப்படியே நான்கு வரி எழுதி அனுப்பினார். அச்சில் வந்ததோ வேறு. "மலையிலிருந்து குதித்தாள் இளம்பெண்: கள்ளக்காதல் காரணமா?" மதுரையில் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த எந்தப் புண்ணியவானுக்கோ அந்த நான்கு வரி ருசிக்கவில்லை.

மலைக் கிராமங்களில் பத்திரிகையைக் கண்ணால் படித்தவர்கள் குறைவு. டீக்கடையில் ஒருவர் உரக்கப் படிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். பேத்துப்பாறையும் இதை அப்படித்தான் கேட்டது.

மறுநாள் வெள்ளனவே செத்தவளின் புருஷன் எங்கள் வாசலில் நின்றான்.

"எம் பொண்டாட்டி அப்பிடிப்பட்டவ இல்லைங்க. அறுத்த புல்லு இன்னும் பாறை மேல கெடக்கு. சாகப் போறவ மாட்டுக்குப் புல்லு அறுப்பாளாங்க?"

அவன் கத்தியிருந்தால்கூடத் தேவலை. "நான் அப்படி எழுதலப்பா" என்று இவர் சொன்னது இவருக்கே கேட்டிருக்காது. மலைக்குப் பத்திரிகை என்றால் இவர்தான்.

மதுரைக்கு, பத்திரிகை ஆபீசுக்கு அலைந்தார். கேள்வியாகத்தானே போட்டிருக்கிறோம், திருத்தம் எதற்கு என்றார்களாம். இவர் விடவில்லை. கடைசியில், 'நிருபரின் தவறு' என்று போடுவதானால் போடுகிறோம் என்றார்கள். சம்மதித்துவிட்டு வந்தார். செய்யாத தப்பை எதற்காகத் தலையில் போட்டுக்கொள்ள வேண்டும் என்று சண்டை பிடித்தேன்.

"செத்தவ வந்து பேச மாட்டா. எம் பேரு கெட்டா நான் பேசிக்கிடுவேன்" என்றார்.

ரேடியோ விளம்பரத்துக்குக் கீழே பொடி எழுத்தில் திருத்தம் வந்தது. அதை எடுத்துக்கொண்டு இருவரும் பேத்துப்பாறைக்குப் போனோம். அதே டீக்கடையில் இவரே உரக்கப் படித்தார். அந்தப் பக்கத்து வீட்டுக்காரியும் நின்று கேட்டாள்.

"வழுக்கி விழுந்தான்னுதான் நானும் சொன்னேன். பேப்பர்ல வேற மாதிரி வந்துச்சா, நாந்தான் சரியாப் பாக்கலையோன்னு ஆயிப்போச்சுங்க" என்றாள். தன் கண்ணைவிட அச்சை நம்பியவளை என்ன சொல்லித் திட்டுவது? எனக்கு அழுகைதான் வந்தது.

புருஷன்காரன் வழியனுப்ப ஊர் எல்லைவரை கூட வந்தான். அவன் மனசு ஆறியிருக்கும் என்று நினைத்தேன். ஆள் நடமாட்டம் இல்லாத வளைவில் நின்று, இவரிடம் மெதுவாகக் கேட்டான்.

"ஐயா, கோவிச்சுக்கிடாதீங்க. நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். அவகூடப் பழகுன அந்த ஆளு யாருங்க?"