முதல் எண் டோக்கன்

நான் அறைந்தபோது அந்த நெசவாளர் கையிலிருந்த ஃபோன் சிமெண்ட் தரையில் விழுந்து உடைந்தது. ஆரணியில் எங்கள் நெசவாளர் சங்கத்து ஜரிகைக் கவுண்டர் முன்னால், இருபது பேர் பார்க்க, முதல் அடி என்னுடையது.

பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் ஆசிரியராக ஓய்வு பெற்றபின், சங்கத்துக்கு ஜாவாவில் ஒரு டோக்கன் செயலி எழுதிக் கொடுத்திருந்தேன். ஜரிகைத் தட்டுப்பாடு இருந்த மாதங்கள் அவை. காலை ஆறு மணிக்கு ஃபோனில் டோக்கன் எடுக்க வேண்டும். எண் வரிசைப்படி ஜரிகை, இருப்பு தீரும்வரை.

எங்கள் சர்வர் ஒரு குறிப்பிட்ட ஃபோல்டரில் கிடக்கும் செயலிகளைத் தானாகவே எடுத்து ஓட்டும். செயலியின் பெயரே இணைய முகவரியின் கடைசியில் பாதையாகச் சேர்ந்துகொள்ளும். "அந்த வால வெட்டி வுடுங்க சார், எங்காளுங்களுக்கு டைப் பண்ணவே பேஜாரா கீது" என்றார் சங்கச் செயலாளர். சர்வரின் அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்தேன்: பாதை வெறுமையாக இருக்கட்டும், செயலி அதே இடத்தில் இருக்கிறது என்று. அதற்கு முன் செயலியை அந்த ஃபோல்டரிலிருந்து வெளியே நகர்த்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் சர்வர் அதை இரண்டு முறை ஓட்டும்: புதிய பாதையில் ஒன்று, பழைய பாதையில் ஒன்று. பல ஆண்டுகள் வகுப்பில் சொன்ன பாடம்தான். செய்யவில்லை.

மறுநாள் எல்லோரும் அறிவிப்புப் பலகையில் இருந்த புதிய முகவரியில் போனார்கள். நான் அறைந்த அந்த நெசவாளர் மட்டும் ஃபோனில் சேமித்து வைத்திருந்த பழைய முகவரியில் போனார். இரண்டு பிரதிகளும் தனித்தனியாக ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கின. கவுண்டருக்கு இரண்டு பேர் முதல் எண்ணோடு வந்தார்கள்.

என்னைக் கூப்பிட்டார்கள். புதிய பாதையில் பட்டியலைத் திறந்தேன். அவர் பெயர் இல்லை.

"இன்னாய்யா, டோக்கன் ஃபோட்டோவுல நம்பர மாத்திகினு வந்துட்டியா?" என்றேன்.

"ஆறு மணிக்கு ஃபோனையே பார்த்துகினு இருந்து எடுத்தது சார். தறி நிக்குது. நீங்க வாத்தியாரு, நீங்களே இப்படிப் பேசலாமா?"

அந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் அறைந்தேன்.

"சாரே கை வெச்சுட்டாரு, அப்புறம் இன்னா!" என்று கத்தினார் முதல் எண் வைத்திருந்த மற்றவர். முதுகில், வயிற்றில், வாயில் அடித்தார்கள். கீழே விழுந்தவரைக் காலால் மிதித்தார்கள். வெளியே இழுத்துப் போகாதபடி அவர் கவுண்டரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். யாரோ கவுண்டரின் இரும்பு ஷட்டரைப் பிடித்து வேகமாகக் கீழே இழுத்தார்கள். எலும்பு நொறுங்கும் சத்தம் எனக்குக் கேட்டது. வலது கையில் மூன்று விரல்கள். ஜரிகைப் பெட்டிமேல் ரத்தம் தெறித்திருந்தது. "திருட்டுப் பையனுக்கு இது போதாது" என்றார் ஒருவர். நான் பட்டியலை மூடினேன்.

மாலையில் சர்வர் பதிவைப் படித்தேன். ஒரே செயலி இரண்டு முறை தொடங்கியிருந்தது. இன்னொன்றும் இருந்தது: அவர் மற்றவரைவிட நான்கு விநாடி முந்தி டோக்கன் எடுத்திருந்தார். செயலியை வெளியே நகர்த்தி, சர்வரை மறுபடி ஓடவிட்டு, பதிவை அழித்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஊரில் அவர் திருடனாகவே இருந்தார்.

சென்ற மாதம், அவர் குடிபோயிருந்த களம்பூருக்கு பஸ் ஏறினேன். ஒரு ரைஸ்மில் வாசலில் உட்கார்ந்து, இடது கையால் லாரி எண்களை எழுதிக்கொண்டிருந்தார். எனக்கு டீ சொன்னார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்போ முதல் டோக்கன் என்னுதுதான்?"

"ஆமா. நாலு செகண்ட் முன்னாடி."

சிரித்தார். "இத சொல்லவா இவ்ளோ தூரம் வந்தீங்க? எனக்குத்தான் தெரியுமே சார். தெரியாதவங்கல்லாம் அந்த ஷட்டராண்டதான நிக்கிறாங்க."

அடுத்த ஜரிகை நாளில் அந்த ஷட்டர் அருகே நின்று, பாதையை மாற்றியது முதல் பதிவை அழித்தது வரை சொன்னேன். முதல் எண் அவருடையதுதான் என்றும் சொன்னேன். "பழைய கதை சார், வுடுங்க" என்றார் அன்று முதல் எண் வைத்திருந்த மற்றவர். "எடைய போடச் சொல்லுங்க, ஜல்தி!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். நான் முழுவதும் சொல்லி முடித்துவிட்டு, கைகளைத் தொங்கவிட்டபடி அங்கேயே நின்றேன்.

என்னை ஒருவரும் அடிக்கவில்லை. நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள்.