புளிக் கையும் சுகர் மிஷினும்

எனக்கு எண்தான் வேதம். அதியமான்கோட்டையில் ஹைவே ஓரத்து எடைமேடை ஒன்றில் இருபத்திரண்டு வருஷமாக லாரிகளை நிறுத்தி எடை போட்டுக்கொண்டிருக்கிறேன். டிரைவர் கத்துவான், சரக்குக்காரன் கெஞ்சுவான், புரோக்கர் டீ வாங்கிக் கொடுத்துப் பார்ப்பான். ஒன்றும் நடக்காது. மிஷின் காட்டுவதுதான் சீட்டில் ஏறும். "மிஷினுக்குச் சொந்தமும் கிடையாது, பந்தமும் கிடையாது" என்று எல்லாரிடமும் பெருமை அடித்துக்கொள்வேன். அந்தத் திமிர் ஒரு மாசி மாதத்தில் என் மனைவியின் உயிரோடு விளையாடியது.

அவளுக்கு ஆறு வருஷமாகச் சர்க்கரை. போன வருஷத்திலிருந்து மாத்திரையோடு, ராத்திரி படுக்கும் முன் போட்டுக்கொள்ளும் இன்சுலின் ஊசியும் சேர்ந்துகொண்டது. ஓசூரில் கட்டிக்கொடுத்த எங்கள் ஒரே மகளுக்கு அப்போது ஏழாம் மாதம். சித்திரையில் வளைகாப்புப் போட்டு, தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். என் மனைவியோ அந்த நாளை நினைத்து நினைத்தே வேலை செய்துகொண்டிருந்தாள். பழைய பருத்திப் புடவைகளைக் கிழித்துத் துவைத்து மடித்து ஒரு பெட்டியே நிரப்பிவிட்டாள்.

தர்மபுரி டாக்டர் ஒரு நிபந்தனை போட்டார். "புள்ளப் பெத்தவளையும் குழந்தையையும் நீங்க பாத்துக்கணும்னா, மொதல்ல உங்க சுகர் ஒரு கட்டுக்குள்ள இருக்கணும். தெனமும் காலைல வெறும் வயித்துல டெஸ்ட் பண்ணி எழுதிட்டு வாங்க. அதைப் பாத்துதான் ஊசி அளவு."

மகள் சுகர் மிஷின் வாங்கி அனுப்பினாள். நான் கேட்காமலே அதிகாரியாகிவிட்டேன். புது நோட்டு, ஸ்கேல் வைத்துக் கோடு, தேதிக்கு ஒரு கட்டம், எண்ணுக்கு ஒரு கட்டம், குறிப்புக்கு ஒரு கட்டம். முதல் பத்து நாள் 128, 135, 122 என்று வந்தது. "பாத்தீங்களா?" என்று அவள் குழந்தை மாதிரி சிரித்தாள்.

அப்புறம் புளி வந்தது.

எங்கள் ஊர் பாப்பாரப்பட்டிக்குப் பக்கம். வரப்போரம் நாலு புளியமரம் இருக்கிறது. மாசியில் உலுக்கி, காயவைத்து, வீட்டிலேயே தட்டிக் கொட்டை எடுத்துச் சந்தைக்கு அனுப்புவோம். விடியற்காலை ஐந்து மணிக்கே என் மனைவியும் பக்கத்து வீட்டுத் தங்கச்சியும் கூடையை நடுவில் வைத்து உட்கார்ந்துவிடுவார்கள். ஓட்டைத் தட்டி, நாரை உரித்து, கொட்டையைப் பிதுக்கி எடுக்கிற வேலை. அந்த வேலைக்கு ஒரே ஒரு சட்டம்தான், ஈரக்கை ஆகாது. ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் புளி பூசணம் பிடித்துவிடும். அதனால் கூடை காலியாகும்வரை யாரும் கை கழுவமாட்டார்கள், உலர்ந்த துணியில் துடைத்துக்கொள்வதோடு சரி.

நான் சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு ஏழு மணிக்குத் திரும்புவேன். அவள் உட்கார்ந்த இடத்திலேயே விரலை நீட்டுவாள். ஸ்பிரிட் பஞ்சால் ஒரு துடை, ஒரு குத்து, ஒரு சொட்டு. ஊசி குத்துகிற இடத்தில் பச்சைத் தண்ணீர் பட்டால் சீழ் பிடிக்கும் என்று எங்கள் பக்கம் ஒரு பேச்சு உண்டு. ஸ்பிரிட் இருக்கும்போது தண்ணீர் எதற்கு என்று நானும் இருந்தேன்.

புளி தொடங்கிய மூன்றாம் நாள் 214. அடுத்த நாள் 236. அதற்கடுத்த நாள் 262. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் ஏறியது.

"என்னா தின்ன?"

"ராத்திரி ரெண்டு கேழ்வரகு ரொட்டிங்க. நீங்கதான எதிர்ல உக்காந்து பாத்தீங்க?"

"ரொட்டியில 262 வருமா? முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறியா?"

சமையலறை டப்பாக்களை ஒன்று விடாமல் திறந்து பார்த்தேன். வெல்லத்தை எண்ணி வைத்தேன். எண்ணின வெல்லம் குறையவில்லை, அப்படியானால் பக்கத்து வீட்டில் தின்கிறாள் என்று முடிவு கட்டினேன். நோட்டில் குறிப்புக் கட்டத்தில் ஒவ்வொரு எண்ணுக்கு எதிரிலும் எழுதினேன். 236: லட்டு? 262: கோயில் பொங்கல்? 255: திருட்டுத்தீனி. வெட்கம் கெட்டவன், சிவப்புப் பேனாவில் வேறு எழுதினேன்.

டாக்டர் நோட்டைப் புரட்டினார். "சாப்பாட்டுல ஏதாச்சும் மாத்தமா?" என்று அவளைத்தான் கேட்டார். நான் முந்திக்கொண்டேன். "ஒளிச்சு வெச்சுத் திங்கறா சார்." அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் ராத்திரி ஊசியின் அளவைக் கூட்டி எழுதிக் கொடுத்தார். பஸ்ஸில் ஊர் வந்து சேரும்வரை அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அதோடு விட்டேனா? அன்று சாயங்காலமே அவள் காதில் விழும்படி மகளுக்குப் போன் போட்டேன். "உங்கம்மா சுகரு எறங்கற மாதிரி தெரியல. நீ மாமியார் வூட்டுலயே பிரசவம் பாத்துக்கோ கண்ணு."

ஒரு தாய்க்கு இதைவிட அவமானம் வேண்டுமா? தலைப்பிரசவம் பார்க்க வக்கில்லாத வீடு என்று சம்பந்தி வீட்டார் பேசுவார்கள். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "எங்க ஆத்தா மேல சத்தியமா ஒண்ணும் திங்கலீங்க. எம் புள்ளைய எனக்கு இல்லைன்னு சொல்லாதீங்க" என்றாள். நான் நோட்டைத் தூக்கிக் காட்டினேன். இத்தனை எண்ணும் பொய்யா என்று கேட்டேன்.

ஊசி கூட்டி ஐந்தாம் நாள் காலை. பாலை ஊற்றிவிட்டு வந்ததும் நானும் கொஞ்சம் உதவலாமென்று, எடுத்த புளியைக் கை நிறைய அள்ளி அழுத்திக் கூடையில் அடைத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று அவள் தட்டுவதை நிறுத்தினாள்.

"ஏங்க, படபடன்னு வருதுங்க."

பார்த்தால் நெற்றியெல்லாம் வியர்வை. மாசிக் குளிரில் ரவிக்கை நனைந்து ஒட்டியிருந்தது. கை வெடவெடவென்று நடுங்கியது. கேட்ட கேள்விக்குப் பதில் குழறியது. ஓடிப்போய் மிஷினை எடுத்துவந்து விரலைத் துடைத்துக் குத்தினேன்.

248.

"சர்க்கரை தலைக்கேறிருச்சு!" என்று கத்தினேன்.

பக்கத்து வீட்டுத் தங்கச்சி அதற்குள் எங்கள் சமையலறைக்குள் புகுந்து, டம்ளரில் நாலு ஸ்பூன் சர்க்கரையைப் போட்டுக் கலக்கிக்கொண்டே வந்தாள். அவள் மாமனாருக்கும் இதே ஊசி, இதே நடுக்கத்தை அவள் முன்பே பார்த்திருக்கிறாள். நான் குறுக்கே நின்றேன்.

"ஏம்மா, 248ங்குது, நீ சர்க்கரை குடுக்கற! கொல்லப் பாக்கறியா?"

"தள்ளுங்கண்ணா! மிஷினைத் தூக்கி அடுப்புல போடுங்க. மொகத்தைப் பாருங்க மொகத்தை!" என்று என்னைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு, என் மனைவியின் வாயில் டம்ளரை வைத்தாள்.

மடக்கு மடக்காக இறங்கியது. பத்துப் பதினைந்து நிமிஷம் இருக்கும். நடுக்கம் நின்றது. வியர்வை அடங்கியது. கண்ணைத் திறந்து, "என்னாச்சுங்க?" என்றாள். அந்தத் தங்கச்சி துணிச்சல்காரியாய் இருக்கப்போய் என்னை இடித்துத் தள்ளினாள். நல்ல பிள்ளையாய் என் பேச்சைக் கேட்டிருந்தால்?

248 காட்டின உடம்பு சர்க்கரை குடித்து எப்படித் தெளியும்? மிஷின் கெட்டுவிட்டதோ என்று புது ஊசி மாட்டி, ஸ்பிரிட்டில் துடைத்து, என் விரலையே குத்தினேன். எனக்குச் சர்க்கரை கிடையாது, காலையில் டீகூடக் குடிக்கவில்லை.

291.

சிரிக்காதீர்கள். அந்த நொடியில் எனக்கு நாக்கு வறண்டது, கண் மங்கியது, கால் மரத்தது. எல்லா வியாதியும் வந்துவிட்டது. பழக்கதோஷம், நோட்டில் அதையும் எழுதினேன். அப்புறம் அவளை வண்டியில் பின்னால் உட்காரவைத்துப் பாப்பாரப்பட்டி ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன்.

அங்கே இருந்த சிஸ்டர் நான் மூச்சுவிடாமல் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்.

"கை கழுவுனீங்களா?"

"ஸ்பிரிட் போட்டேங்க."

"ஸ்பிரிட் கேக்கல. சோப்புப் போட்டுத் தண்ணியில கழுவுனீங்களா?"

என் கையைத் திருப்பிப் பார்த்தார். விரல் இடுக்கெல்லாம் பழுப்பு நிறத்தில் பிசுபிசுவென்று காய்ந்திருந்தது. இரண்டு பேரையும் குழாயடிக்கு அனுப்பினார். கழுவி, ஈரம் போகத் துடைத்து, அவருடைய மிஷினில் ஒருதரம், நாங்கள் கொண்டுபோன மிஷினில் ஒருதரம் பார்த்தார். எனக்கு 98, 101. சர்க்கரைத் தண்ணீர் குடித்த அவளுக்கே 126, 130.

"மிஷின் நல்லாத்தான் இருக்குதுங்க ஐயா. நீங்க ரத்தத்தோட சேத்துப் புளியையும் டெஸ்ட் பண்ணியிருக்கீங்க."

"புளி புளிக்குமுங்களே! அதுல எங்கீங்க சர்க்கரை?"

"புளிப்பு உங்க நாக்குக்குத்தான். புளியம்பழம்னுதான சொல்றோம்? பழத்துல சர்க்கரை இல்லாமப் போயிருமா? விரல்ல துளி ஒட்டியிருந்தாப் போதும், எண்ணு எகிறிரும். காஞ்சு ஒட்டுன பிசுக்கு ஸ்பிரிட் பஞ்சுக்குப் போவாது. அந்த எண்ணை நம்பி ஊசியக் கூட்டுனதாலதான் அம்மாவுக்குச் சர்க்கரை ஒரேயடியா எறங்கி நடுக்கம் வந்துருக்கு. இன்னொண்ணு, இந்த மாதிரி நடுக்கம் வேர்வை வந்தா மிஷினு என்ன சொன்னாலும் மொதல்ல சர்க்கரை குடுங்க, அப்புறமா வந்து என்கிட்ட சண்டை போடுங்க."

எடைமேடையில் காலையில் நான் செய்கிற முதல் வேலை என்ன தெரியுமா? துடைப்பம் எடுத்து மேடையைக் கூட்டுவது. முந்தின நாள் லாரிகள் உதிர்த்த மண், கல், சேறு எல்லாவற்றையும் தள்ளி, பூஜ்யம் காட்டின பிறகுதான் முதல் வண்டியை ஏறவிடுவேன். யாரோ முகம் தெரியாதவன் சரக்குக்கு இருபத்திரண்டு வருஷம் அப்படிக் கூட்டியவன், கட்டின மனைவியின் விரலைக் கழுவச் சொல்லவில்லை. மேடையில் மண்ணை வைத்து எடை போட்டுவிட்டு அவளைத் திருடி என்றேன். தீர விசாரிப்பதே மெய் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததெல்லாம் எந்தச் சந்தைக்குப் போயிற்றோ.

சிஸ்டரே தர்மபுரி டாக்டரிடம் போனில் பேசினார். ஊசி பழைய அளவுக்கு இறங்கியது. திரும்பி வருகிற வழியில் வண்டியை ஓரம் கட்டினேன்.

"தப்புப் பண்ணிட்டேன் புள்ள. உன்னைக் கொன்னிருப்பேன்."

"மிஷினை நம்புனீங்க. என்னைய நம்பல. அதுதான் வலிக்குது" என்றாள். பிறகு, "வண்டிய எடுங்க, வெயிலு ஏறுது. புளி வெளியில கெடக்குது" என்றாள்.

மறுநாளிலிருந்து முறையே மாறியது. ஐந்து மணிக்குக் கூடையைத் திறக்குமுன் டெஸ்ட். நான் சொம்பில் தண்ணீர் ஊற்றுவேன், அவள் சோப்புப் போட்டு விரல் இடுக்கு வரை தேய்த்துக் கழுவுவாள். சுத்தமான துண்டில் ஈரம் போகத் துடைத்த பிறகுதான் குத்துவது. ஈரம் போனால் போதும், புளிக்கும் பூசணம் பிடிக்கவில்லை, விரலுக்கும் சீழ் பிடிக்கவில்லை. 131, 124, 118, 127. டாக்டர் நோட்டைப் பார்த்துவிட்டு, "தாராளமா கூட்டிட்டு வாங்க" என்றார். மகளுக்கு அவளே போன் போட்டாள். "கெளம்பி வா கண்ணு, அம்மாவுக்கு ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே பழம்புடவைப் பெட்டியை இழுத்துத் திறந்தாள்.

மகள் வருவதற்கு முந்தின நாள், நோட்டில் நான் எழுதிவைத்த சிவப்பு எழுத்துகளை ஒவ்வொன்றாக அடித்தேன். லட்டு, பொங்கல், திருட்டுத்தீனி, எல்லாவற்றையும் அடித்து அதன் மேல் 'புளி' என்று எழுதினேன். மனசு கொஞ்சம் லேசானது. என்னுடைய 291க்கு வந்தபோது பேனா நின்றது. அதற்கு எதிரே குறிப்புக் கட்டத்தில் நான் ஒன்றும் எழுதியதில்லை. இப்போது எழுதியிருந்தது. பென்சிலில், ஐந்தாம் வகுப்போடு நின்ற அவளுடைய குண்டுக் கையெழுத்தில்: "ஒளிச்சு வெச்சுத் திங்கறாரு."

அதை மட்டும் நான் அடிக்கவில்லை.