ஆற்றை என் பக்கம் இழுத்த நாள்

படவிளக்கு என்று நாங்கள் சொன்ன அந்தத் தகரப் பெட்டிக்குள் ஒரு மண்ணெண்ணெய் விளக்கு எரியும். முன்னால் ஒரு பூதக்கண்ணாடி. இடையில் சாயம் தீட்டிய கண்ணாடித் தகட்டைச் செருகினால், எதிரே கட்டிய வெள்ளை வேட்டியில் படம் பெரிதாக விழும். முதல் யுத்தம் தொடங்கச் சில வருஷங்கள் இருந்தபோது, பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு வாத்தியார். கணக்கைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் எனக்கு ஆர்வம் உண்டு என்பதைப் பிள்ளைகள் முதல் வாரத்திலேயே கண்டுகொண்டார்கள்.

பெட்டியோடு சீமையிலிருந்து வந்த தகடுகளில் பனியும் கலைமானும்தான் இருந்தன. எங்கள் டிராயிங் வாத்தியாருக்கு அவை பிடிக்கவில்லை. அவர் தச்சநல்லூர்க்காரர்; கடைப் பலகை எழுதிக்கொண்டிருந்தவர்; தற்காலிகமாகப் பள்ளிக்கு வந்திருந்தார். பள்ளியைச் சோதிக்க வரப்போகும் இன்ஸ்பெக்டர் நல்லபடியாகக் குறிப்பு எழுதினால் வேலை நிலைக்கும். இல்லையென்றால் மறுபடியும் ஏணியும் சாயச் சட்டியும்தான். அதற்காக அவர் ஸ்ரீவைகுண்டம் அணையைக் கண்ணாடியில் எழுதினார். மேலிருந்து பார்ப்பதுபோல ஆறு, குறுக்கே அணை, இருபுறமும் பிரியும் வாய்க்கால்கள், வடகரையில் கோயில் கோபுரம். ஊர்க்காரனுக்குப் பார்த்ததுமே திசை தெரியும். அதன்மேல் இன்னொரு நீளக் கண்ணாடி. அதில் வெள்ளைக் கோடுகள் மட்டும், இரு முனையிலும் பிடி. அதை நகர்த்தினால் தண்ணீர் ஓடுவது போலவே இருக்கும்.

நகர்த்தும் பொறுப்பு எனக்கு. “உம்ம பக்கமா பைய இழும் வே, அம்புட்டுத்தான். கணக்கு மாதிரி கஷ்டமில்ல” என்றார். ஒத்திகையில் பிசகில்லாமல் இழுத்தேன்.

இன்ஸ்பெக்டர் வந்த அன்று ஜன்னல்களைக் கோணியால் மூடியிருந்ததில் ஒரே புழுக்கம். விளக்கின் சூடு முகத்தில் அடிக்கிறதே என்று நான் பெட்டிக்கு மறுபக்கம் போய் நின்றுகொண்டேன். சொன்னபடி என் பக்கமாகத்தான் இழுத்தேன். தண்ணீர் அழகாக ஓடிற்று. “பேஷ், பேஷ்!” என்றார் இன்ஸ்பெக்டர். அவர் தஞ்சாவூர்ப் பக்கமிருந்து மாற்றலாகி வந்தவர்.

விடுதியில் தங்கிப் படித்த ஸ்ரீவைகுண்டத்துப் பயல் ஒருவன் எழுந்துவிட்டான். “ஏலே, தண்ணி கடல்ல இருந்துல்லா வருது! வயலு பூரா உப்பாப் போயிரும்லே!”

வகுப்பே சிரித்தது. “என்ன சொல்கிறான்?” என்று திரும்பினார் இன்ஸ்பெக்டர்.

“விடும் வே, அவருக்கு என்ன தெரியப்போகுது? பயல உக்காரச் சொல்லும்” என்று டிராயிங் வாத்தியாரின் காதில் ஓதினேன். விட்டிருந்தால் வேலை நிச்சயம். அவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

“பிள்ளை சொல்லுததுதான் சரிங்கய்யா. தண்ணி எதுத்து ஏறுது. தப்பு எங்கிட்ட” என்றார். இழுத்தவன் யார் என்று சொல்லவில்லை. நானும், வீரன்தானே, விளக்குக்குப் பின்னால் குனிந்துகொண்டேன்.

‘பேஷ்’ சொன்ன வாயை என்ன செய்வதென்று இன்ஸ்பெக்டருக்கும் தெரியவில்லை போலும். பிறகு பிள்ளைகளிடம், “எந்தப் பக்கம் ஓட வேண்டும்?” என்று கேட்டார். அத்தனை கைகளும் ஒரே பக்கம் நீண்டன.

அவர் எழுதிய குறிப்பைத் தலைமையாசிரியர் எங்களை நிற்கவைத்துப் படித்தார். படவிளக்குப் பாடம் பிள்ளைகளைப் பேச வைக்கிறது; டிராயிங் ஆசிரியரை நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாம்; கண்ணாடியை இழுத்த ஆசிரியர் சில நாள் பூகோள வகுப்பில் உட்கார்ந்து கேட்பது நல்லது.

இன்று சில பள்ளிக்கூடங்களில் சினிமாவே காட்டுகிறார்களாம். இழுக்க ஆள் வேண்டாமாம். நிம்மதி. அன்று, குறிப்பைப் படித்த மறுநாள், நான் பூகோள வகுப்பில் கடைசி பெஞ்சுக்குப் போனபோது, அந்த ஸ்ரீவைகுண்டத்துப் பயல் நகர்ந்து இடம் விட்டான்.

“நல்லாக் கவனிங்க சார். நாளைக்கு ஒங்களத்தான் கேப்பாவ” என்றான்.