வாசல்வரை இலவசமாகத் தூக்கித் தருகிறார்கள்

இன்று செங்கல்பட்டில் புதிதாகத் திறந்த சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனேன். வாங்கிய சாமானைக் கடை வாசல்வரை இலவசமாகத் தூக்கி வந்து தருகிறார்கள்.

என் அரிசிப் பையைத் தூக்க வந்த ஊழியர் என்னைவிட மூத்த பெண்.

"எனக்குக் கை கால் நல்லாத்தான்க்கா இருக்கு, நானே தூக்கிக்கிறேன்" என்றேன்.

"வுடும்மா. வூட்டாண்ட எப்படியும் நீதான தூக்கப்போற" என்று பையை இடுப்பில் ஏற்றிக்கொண்டார்.

வெளியே பைக்கை விட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துப் பதறிவிட்டார்.

"பாவம், வயசானவங்க! உனக்கு இன்னா, கை கால் நல்லாத்தானே கீது?"

எங்கள் வீடு இரண்டாவது மாடி. பை என் இடுப்பில். வண்டிச் சாவியை விரலில் சுழற்றியபடி அவர் பின்னால் வந்தார்.

நான் உதவி வாங்கியது தப்பா என்று பிறகு சொல்லுங்கள். முதலில் என் வீட்டுக்காரர் கை காலுக்கு என்ன கேடு வந்தது, அதைச் சொல்லுங்கள்.