மாமா மெதுவாக்கிய பாட்டு

பாடசாலை பாண்ட் வாத்தியக் குழுவில், ஊதிக்கொண்டே கட்டைகளை அழுத்தும் மெலோடிக்கா வாசிக்க எனக்கு இடம் கிடைத்தது பெரிய சந்தோஷம்தான். எங்கே பழகுவது என்பதுதான் சங்கடம். எங்கள் வீட்டை ஒட்டியே பள்ளிவாசல். பாடசாலைக் காரியம் என்பதால் வாப்பா மறுக்கவில்லை, வீட்டுக்குள் ஊத வேண்டாம் என்று மட்டும் சொன்னார். எனக்கோ பர்தாவுக்கு மேலே இறகுத் தொப்பி வைத்து விளையாட்டுப் போட்டியில் முன்வரிசையில் நடக்காவிட்டால் உயிர் தரிக்காது என்றிருந்தது.

உம்மாவின் தம்பி, ஓட்டோ ஓடும் மாமா, பொறுப்பெடுத்தார். எந்தக் காரியத்துக்கும் தன்னிடம் ஒரு வழி இருக்கிறது என்று நம்புகிறவர் அவர். பின்னேரம் அஸர் தொழுகை முடிந்ததும் என்னை ஏற்றிக்கொண்டு கடற்கரைக்குப் போய், தோணிகளுக்குப் பக்கத்தில் ஓட்டோவை நிறுத்தி, டீச்சர் அனுப்பிய அணிநடைப் பாட்டைப் போனில் போடுவார். எனக்கு இசைக் குறிப்பு வாசிக்கத் தெரியாது. கேட்டுத்தான் பிடிக்க வேண்டும். முதல் வரியிலேயே என் விரல்கள் பின்தங்கின.

“ஓடுற பஸ்ஸில ஏற ஏலுமா மகள்? மெல்லப் போகச் செல்லுவம்” என்ற மாமா, போனில் ஏதோ ஓர் ஆப்பை இறக்கிப் பாட்டின் வேகத்தைக் குறைத்தார். அது தடிமன் பிடித்தவன் குரல் போல அடித்தொண்டையில் வந்தது. ஆனாலும் என்னால் ஒவ்வொரு கட்டையாகத் தேடிப் பிடிக்க முடிந்தது. பாட்டு கைக்கு வந்த பிறகு வேகத்தைக் கூட்டிப் பார்த்தோம். நான் வாசித்தது அதோடு ஒட்டவே இல்லை. மாமா சளைக்கவில்லை.

“போனக் கூட்டத் தேவல்ல. நீ விரலக் கெதியாக்கு.”

ஆக்கினேன். பாட்டு எனக்குத் தண்ணீர்பட்ட பாடாகிவிட்டது.

குழுவோடு வாசித்த அன்று, நான் ஊதத் தொடங்கியதுமே எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். டீச்சர் என்னைத் தனியாக வாசிக்கச் சொன்னார். தனியாக வாசித்தால் பிழையில்லை. சேர்ந்து வாசித்தால் காதைப் பொத்த வேண்டியிருந்தது. பாட்டை மெதுவாக்கியபோது அதன் சுருதியும் இறங்கிவிட்டது என்பது மாமாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மற்றவர்கள் தொடங்கும் கட்டைக்குக் கீழேயிருந்து நான் தொடங்கியிருந்தேன். அடுத்த பயிற்சிக்குள் சரியான இடத்திலிருந்து வாசிக்காவிட்டால் வேறொரு பிள்ளையை எடுக்கப் போவதாக டீச்சர் சொல்லிவிட்டார்.

ஓட்டோவில் ஏறியதும் அழுதேன். எல்லாம் மாமாவால்தான் என்றேன்.

“ஓம் மகள், நான்தான் கெடுத்துப்போட்டன்” என்றார். வீட்டுப் பக்கம் திருப்பாமல் நேரே கடற்கரைக்கு விட்டார். அன்றைக்கு அவர் போனைத் தொடவில்லை.

டீச்சர் காட்டிய கட்டையில் விரலை வைத்து, பாட்டை மனத்துக்குள் பாடிக்கொண்டே தேடினேன். இதுவரை தொடாத கறுப்புக் கட்டைகள் குறுக்கே வந்தன. தடுமாறினேன், ஆனால் எங்கே பிழைத்தாலும் காது உடனே சொல்லிவிட்டது. பொழுதுபட்டு மஃரிப் பாங்கு சொல்வதற்கு முன்பே பாதிப் பாட்டு வந்துவிட்டது. அடுத்த பயிற்சியில் என் இடம் எனக்கே கிடைத்தது.

இப்போது யார் எந்தச் சுருதியில் ஒரு பாட்டை முணுமுணுத்தாலும் என் விரல்கள் அதைத் தேடிப் போய்விடுகின்றன. மற்றப் பிள்ளைகள் அந்தப் பாட்டை ஓர் இடத்தில் மட்டும் கற்றார்கள். மாமாவின் பிழை என்னை இரண்டு இடங்களில் கற்க வைத்தது. விளையாட்டுப் போட்டி முடிந்து வந்த அன்று, “பரவால்ல மாமா” என்று பெருந்தன்மையோடு அவரை மன்னித்தேன். அவரும் தலையைக் குனிந்து ஏற்றுக்கொண்டார். நன்றி சொல்ல வேண்டியவரை மன்னித்துக்கொண்டிருக்கிறேன் என்று அப்போது எனக்கும் விளங்கவில்லை, அவருக்கும் விளங்கவில்லை.