பனியில் வாசல் தெளித்தேன்

நான் போனது அக்காவைப் பார்க்க அல்ல, கையோடு கூட்டிக்கொண்டு வர. இதை விமானம் ஏறுவதற்கு முன்பே முடிவு செய்துவிட்டேன். அத்தான் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. பிள்ளை குட்டி இல்லை. அமெரிக்காவின் நடுப்பகுதியில், வருடத்தில் பாதி நாள் பனி கிடக்கும் ஒரு நகரத்தில், ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் இடத்தில் வேலை பார்த்துக்கொண்டு ஒரு பெண் எதற்காகத் தனியாகக் கிடக்க வேண்டும்? பர்மாவில், யாங்கோன் நகரத்துத் தாமுவே பகுதியில் எங்கள் வீடு இருக்கிறது. அதில் நான் இருக்கிறேன். அது போதாதா?

தாமுவே வீடு ஐந்தாம் மாடி. லிஃப்ட் கிடையாது. எங்கள் ஊர் மாடி வீடுகளில் எல்லாம் பால்கனியிலிருந்து தெரு வரை ஒரு கயிறு தொங்கும். மேலே மணி, கீழே ஒரு கிளிப். கீரைக்காரி தெருவில் நின்று கயிற்றை இழுப்பாள், மணி அடிக்கும், நான் எட்டிப் பார்த்து என்ன வேண்டும் என்று சொல்வேன், பையை கிளிப்பில் மாட்டிவிடுவாள், நான் மேலே இழுத்துக்கொள்வேன். ஒருமுறை காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் படுத்திருந்தேன். இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். மூன்றாம் தடவை "சயாமா! சயாமா!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். நான் டியூஷன் எடுக்கிறவள், டீச்சரை பர்மியில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். பத்து நிமிடத்தில் என் வாசலில் ஏழு பேர் நின்றார்கள். தூங்கவிட மாட்டார்களா என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஆனால் அக்காவை நினைக்கும்போதெல்லாம் அந்த மணி நினைவுக்கு வந்துவிடும். அந்த ஊரில் அவள் விழுந்து கிடந்தால் யாருக்குத் தெரியும்?

ஜனவரி முதல் வாரத்தில் போய் இறங்கினேன். விசா அப்போது கிடைத்தது. இன்றைக்கு அந்தப் பேச்சை எடுத்தாலே சிரிப்பார்கள்.

பனியைப் பற்றி எனக்கு இருந்த எண்ணமெல்லாம் காலண்டர் படத்தில் பார்த்ததுதான். அது வந்து விழும் பொருள் என்று தெரியும். வந்து தங்கிவிடும் விருந்தாளி என்று தெரியாது. முதல் நாள் கைதட்டிச் சிரித்தேன். மூன்றாம் நாள் அதோடு சண்டை. காலையில் வாரித் தள்ளிய பாதை சாயங்காலம் மறுபடி மூடிக் கிடக்கும். தெருவைச் சுத்தம் செய்ய வரும் முனிசிபல் வண்டி, தெருப் பனியை எல்லாம் ஒதுக்கி நம் வீட்டு வாசலில் சுவர் மாதிரி கட்டிவிட்டுப் போய்விடும். நாம் திட்டினாலும் டிரைவருக்குக் கேட்காது. வீட்டு முன்னால் உள்ள நடைபாதையை அந்தந்த வீட்டுக்காரரே வாரியாக வேண்டும் என்பது சட்டம். காரை நிறுத்த ஒரு மணி நேரம் பனி வாரிய இடத்தை அடுத்தவர் பிடித்துவிடாமல் இருக்க, பழைய நாற்காலி ஒன்றை அங்கே போட்டுவிட்டு வேலைக்குப் போகிறார்கள். குழாயடியில் குடம் வைத்து இடம் பிடித்த ஊரிலிருந்து போன எனக்கு அந்த ஒன்று மட்டும் சட்டென்று புரிந்தது.

அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயது. இடுப்பில் வலி. ஆனாலும் தினமும் ஆறு மணிக்கு, இருட்டு விலகுமுன், பனி வாரும் ஷவலை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவாள்.

"உனக்கு இந்தத் தலையெழுத்து எதுக்குக்கா? பேசாம எங்கூட வந்துரு."

"வந்து?"

"வந்து என்ன? அஞ்சு மாடி ஏறலாம், எறங்கலாம். கரண்ட் இல்லன்னா விசிறிக்கலாம். நான் இருக்கேன்ல?"

"யோசிக்கிறேன்டி" என்பாள். முடியாது என்று சொல்லவில்லை என்பதையே நான் பாதி வெற்றியாக எடுத்துக்கொண்டேன்.

பொங்கலன்று அவளுக்குக் காலை ஷிப்ட். அவள் பனியை வாரிவிட்டு உள்ளே குளிக்கப் போனாள். படியும் பாதையும் பளிச்சென்று சிமெண்டு தெரியக் கிடந்தன. பொங்கலும் அதுவுமாக வாசல் வெறுமனே கிடக்கலாமா? ஐந்தாம் மாடியில் இருந்துகொண்டே கதவுக்கு வெளியே தண்ணீர் தெளித்துக் கோலம் போடுகிறவள் நான். ஒரு வாளியில் தண்ணீர் பிடித்து, அம்மா தெளிப்பது போலக் கைநிறைய அள்ளிப் படியெல்லாம் தெளித்தேன். அரிசி மாவில் ஒரு தாமரைக் கோலம் போட்டேன். விரல்கள் மரத்துப்போயின. ஆனால் வாசல் அப்படியொரு பளபளப்பு. யாங்கோனில் ஒருநாளும் இப்படி மின்னியதில்லையே என்று பெருமையாகப் பார்த்துவிட்டு, பால் பொங்க வைக்க உள்ளே போனேன்.

மின்னியது ஐஸ். இது எனக்குத் தெரியவில்லை.

அக்கா கோட்டு மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தாள். "அடியே, கோலமா!" என்று அவள் குரல் குழந்தை மாதிரி ஒலித்தது இன்னும் என் காதில் இருக்கிறது. கோலத்தை மிதிக்கக்கூடாது அல்லவா? ஓரமாகக் கால் வைத்தாள். அடுத்து எனக்குக் கேட்டது அவள் விழுந்த சத்தம்தான்.

நான் ஓடி வருவதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் வந்துவிட்டார். எழுபதைத் தாண்டிய வெள்ளைக்காரர், மனைவியை இழந்தவர். அதுவரை நான் அவரைப் பார்த்ததெல்லாம் ஜன்னல் வழியாகத்தான். காலில் வீட்டுச் செருப்பு, கையில் ஐஸைக் கரைக்கப் போடும் உப்பு மூட்டை. அக்காவைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு வாசலைப் பார்த்து ஏதோ கேட்டார்.

"யாரு இங்க தண்ணி ஊத்துனதுன்னு கேக்குறாருடி" என்றாள் அக்கா, வலியிலும் சிரித்துக்கொண்டு. "எங்க வழக்கம், இன்னைக்குப் பண்டிகைன்னு சொல்லிருக்கேன்."

அவர் உப்பை அள்ளினார். போடாமல் மறுபடி ஏதோ கேட்டார்.

"படத்து மேல போடலாமான்னு கேக்குறாரு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. தலையை மட்டும் ஆட்டினேன். உப்பு விழுந்த இடமெல்லாம் ஐஸ் குழிந்து இளகியது. தாமரையும் கரைந்து போனது.

அக்காவின் வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. செய்தது நான். அதை வைத்தே அவளை மடக்கப் பார்த்ததும் நான்தான், வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். "பாத்தியா, ஒரு வழுக்கு வழுக்குனா இதான் கதி. நான் இல்லாட்டி என்னா பண்ணிருப்ப?" என்று சோறு பிசைந்து ஊட்டியபடியே கேட்டேன். நான் இல்லாவிட்டால் அவள் விழுந்தே இருக்க மாட்டாள். அதை அவள் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. "சரி, டிக்கெட் பாரு" என்றாள். இத்தனை நாள் கேட்கக் காத்திருந்த வார்த்தை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தபோது எனக்கு அது இனிக்கவில்லை.

அக்கா விழுந்த நாளிலிருந்து எங்கள் பாதையையும் சேர்த்துப் பக்கத்து வீட்டுக்காரரே வாரினார். காலையில் எழுந்து பார்த்தால் இரண்டு வீட்டு வாசலும் சுத்தமாக இருக்கும்.

மூன்றாவது வாரம். இரவெல்லாம் பனி கொட்டியிருந்தது. ஏழரை மணிக்கு நான் அடுப்படியில் நின்றேன். ஜன்னலோரம் இருந்த அக்கா திடீரென்று எழுந்தாள்.

"நம்ம பாதை வாரலடி. அவரு பாதையும் வாரல."

"வயசானவரு, இன்னும் தூங்கிருப்பாரு."

"ஏழு மணிக்கு மேல அவரு பாதைல பனி கெடந்து நான் பாத்ததே இல்ல. என் பாதை வாராம கெடந்தா அவரு வந்து கதவத் தட்டுவாரு. அப்படித்தான் எங்களுக்குள்ள."

மாவுக்கட்டுக் கையோடு கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, முழங்கால் பனியில் இறங்கிவிட்டாள். நான் பின்னால் ஓடினேன். அவளுடைய சாவிக்கொத்தில் அவர் வீட்டுச் சாவியும் இருந்தது. அவர் கட்டிலில் கிடந்தார். உடம்பு அனலாகக் கொதித்தது. மூச்சு இழுத்தது, பேச வரவில்லை. அக்கா ஆம்புலன்ஸை அழைத்தாள். வண்டி வரும்வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அவருக்கு ஒரு எழுத்தும் புரியாத தமிழில், "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

பிறகு நாங்கள் இருவரும் எங்கள் வாசலுக்கு வந்தோம். நான் வாழ்க்கையில் முதல் தடவையாக ஷவலைப் பிடித்தேன். எங்கள் பாதையை வாரினேன். கேட்காமலே போய் அவர் பாதையையும் வாரினேன். முதுகு விட்டுப்போயிற்று. அக்கா ஒற்றைக் கையால் உப்பைத் தூவிக்கொண்டு பின்னால் வந்தாள்.

"நான் விழுந்தா யாருக்குத் தெரியும்னு வந்த நாள்லேருந்து கேக்குற" என்றாள். "நான் வந்துட்டா, அவரு விழுந்தா யாருக்குத் தெரியும்?"

எங்கள் ஊர்க் கயிறும் மணியும் இங்கே வெள்ளைப் பனியாகத் தரையில் கிடக்கின்றன என்று அப்போதுதான் புரிந்தது. பத்து நாளில் அவர் நடந்தே வீடு திரும்பினார். டிக்கெட் ஒன்றுதான் எடுத்தோம்.

அடுத்த பொங்கலன்று தாமுவேயில் விடியும்போதே கரண்ட் இல்லை. ஒன்பது மணிக்கு "மீ லாபீ!" என்று தெருவே கத்தியது. கரண்ட் வந்தால் எங்கள் ஊரில் பெரியவர் சிறியவர் எல்லாரும் கத்துகிற கத்தல் அது. வைஃபை உயிர்பெற்று, போனில் ஒரு படம் வந்து விழுந்தது. அங்கே இன்னும் முந்தின நாள் ராத்திரிதான். அக்காவின் படி முழுக்கக் கண்ணாடி போல ஐஸ். அதன்மேல் உப்பால் கோலம் போட்டிருந்தாள். கோடு போன வழியெல்லாம் ஐஸ் கரைந்து, அடியிலிருந்த சிமெண்டே தாமரையாகத் தெரிந்தது. கூடவே குரல் செய்தி: "தண்ணி தெளிக்கலடி, பயப்படாத. பக்கத்து வாசல்லயும் ஒண்ணு போட்டுருக்கேன். அவரே வந்து கேட்டாரு."

நான் மூன்றாம் தடவை கேட்டுக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. கீழே கீரைக்காரி. எனக்கு யாரிடமாவது காட்டியே ஆக வேண்டும் போலிருந்தது. போனைப் பையில் போட்டு, கயிற்றில் கட்டி, ஐந்து மாடிக்கும் கீழே இறக்கினேன். அவள் வெயிலுக்குக் கையால் மறைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள்.

"யார் வீடு, சயாமா?" என்று பர்மியில் கத்தினாள்.

"என் அக்கா வீடு!"

"இவ்வளவு பனியில் தனியாகவா இருக்கிறாள்?"

"இல்லை!" என்றேன், தெருவுக்கே கேட்கும்படி.