ரமாவின் சைட்டில் நின்ற கல்

ரமாவுக்கு கார்மென்ட்ஸ் ஃபேக்டரியில் செக்கர் வேலை. தைத்து வரும் சட்டைகளைப் புரட்டி, எங்கே நூல் பிரிந்திருக்கிறது, எந்தப் பட்டன் ஆடுகிறது என்று கண்டுபிடிக்கத்தான் சம்பளம். அதையே வருஷக்கணக்காகச் செய்து செய்து அவளுக்கு உலகமே சட்டையாகிவிட்டது. பால் பாக்கெட் வாங்கினால் முதலில் தேதியைப் பார்ப்பாள். பக்கத்து வீட்டுக்காரி சிரித்தால் என்ன இரவல் கேட்கப் போகிறாளோ என்று பார்ப்பாள். புருஷன் கோதண்டராமனை மட்டும் சந்தேகப்பட்டதில்லை. அந்த மனுஷனுக்கு அவ்வளவு சாமர்த்தியம் போதாது என்பது அவள் கணிப்பு.

பொம்மசந்திராவைத் தாண்டி ஒரு லேஅவுட்டின் கோடியில் அவர்களுக்குச் சின்னதாக ஒரு சைட், வீட்டுமனை, இருந்தது. தாலியைத் தவிர இருந்த நகையையெல்லாம் விற்று வாங்கியது. வீடு கட்டத்தான் இன்னும் வழி பிறக்கவில்லை. எதிரிலேயே வாடகைக்கு இருந்துகொண்டு ஜன்னல் வழியாக அதைக் காவல் காத்தாள். காலி சைட் எப்படிப் பறிபோகும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். ஒருநாள் ஒரு கல் நிற்கும். யாராவது பொட்டு வைப்பார்கள். அப்புறம் தகரக் கூரை, மணி, உண்டியல். பத்திரத்தோடு வந்து நிற்கிற சொந்தக்காரனை ஊரே பாவி என்று பார்க்கும். லேஅவுட் முனையில் இருக்கும் மாரியம்மன் அப்படிக் குடியேறியவள்தான்.

அதனால்தான் மாடி வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த தினேஷ் அந்த சைட்டில் குந்தியிருந்ததைப் பார்த்ததும் ரமாவுக்குத் திக்கென்றது. கரூர்க்காரன், ஐ.டி.யில் வேலை. பக்கத்து வீடு கட்டியவர்கள் தோட்டத்து அலங்காரத்துக்கு இறக்கிய கூழாங்கற்களில் மிச்சத்தை இவள் சைட்டில் கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள். அவன் ஒவ்வொரு கல்லாக எடுத்துப் பாட்டில் தண்ணீரை ஊற்றினான், கண்ணில் லென்ஸை வைத்துப் பார்த்தான், என்னவோ முணுமுணுத்தான். ரமாவின் கண்ணுக்கு அது அபிஷேகம், மந்திரம்.

"இன்னா தம்பி பண்றே நம்ம சைட்ல?"

"கல்லு தேடறனுங்க்கா. இப்பத்தான் கத்துக்கறேன். நனைச்சாத்தான் வரி வரியா கலர் தெரியும். அகேட்டுன்னு பேரு. சிலதுக்கு உள்ள பொந்து இருக்கும், பொந்துக்குள்ள படிகம் இருக்கும். அதிர்ஷ்டம் இருந்தா பாசில்கூட கிடைக்குமுங்க, கல்லாப்போன நத்தை மாதிரி."

பெரிய கம்பெனியில் உத்தியோகம் பார்ப்பவன் ஞாயிற்றுக்கிழமை வெயிலில் நத்தை தேடுகிறானாம். ரமா ஒரு வார்த்தையைக்கூட நம்பவில்லை.

அடுத்த திங்கட்கிழமை சைட்டின் நடுவில் தேங்காய் அளவில் ஒரு கல் நின்றது, கழுவித் துடைத்து, நேராக. அதற்கடுத்த நாள் அதன் நெற்றியில் குங்குமம். பிறகு ஒரு செவ்வந்தி, ஒரு ஊதுபத்தி. ரமாவுக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் கலவரத்திலும், சாமி அலமாரியில் குங்குமம் சீக்கிரம் தீர்வதைக் கவனித்து, கடைக்காரன் அளவைக் குறைத்துவிட்டான் என்று திட்டி வைத்தாள்.

படிக்கட்டில் தினேஷை மடக்கினாள். "யார் அனுப்பினாங்க உன்னை? எந்தக் கட்சி ஆளு?"

"அய்யோ அக்கா! போட்டோ எடுக்க நிக்க வெச்சனுங்க. உள்ள பொந்து இருக்கும்னு தோணுச்சு, சுத்தியல் வாங்கிட்டு வந்து உடைக்கலாம்னு அங்கேயே விட்டேன். அதுக்குள்ள யாரோ பொட்டு வெச்சுட்டாங்க. இப்ப தொடவே பயமா இருக்குங்க."

நல்லா நடிக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள். மறுநாள் விடிந்ததும் கையும் களவுமாகப் பிடிப்பதற்கு, நிறுத்தியிருந்த தண்ணீர் டேங்கரின் பின்னால் போய் நின்றாள்.

ஆள் வந்தான். செருப்பைக் கழற்றினான், குனிந்தான், சட்டைப்பையிலிருந்து குங்குமச் சிமிழை எடுத்தான். அவள் வீட்டுச் சிமிழ். கம்பெனி யூனிஃபார்மில் கோதண்டராமன் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

"என்னங்க!"

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இல்ல ரமா, எத்தனை வருஷமா அஸ்திவாரமே போட முடியலையே நம்மளால. அன்னிக்கு பஸ்ஸுக்குப் போறப்போ பார்த்தா, நம்ம சைட்ல கல்லு தானா எந்திரிச்சு நிக்குது, குளிப்பாட்டின மாதிரி சுத்தமா. நல்ல சகுனம்னு தோணுச்சு. பொட்டு வெச்சது மட்டும்தான் நானு. பூவெல்லாம் யார் வெச்சாங்கன்னு தெரியல."

கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன அவளுக்கு. இந்த மனுஷனைத் திட்டுவதா, இவருடைய ஆசையை நினைத்து அழுவதா? ஊரையெல்லாம் புரட்டிப் பார்த்தவள் வீட்டுக்குள் இருந்த ஏக்கத்தைப் பார்க்காமல் விட்டுவிட்டாள். அதற்குள் ஒரு ஆட்டோ நின்றது. டிரைவர் இறங்கி, கன்னத்தில் போட்டுக்கொண்டு, "யாவ் தேவ்ரும்மா இது?" என்று கன்னடத்தில் பயபக்தியோடு கேட்டான். எந்தச் சாமி என்று கேட்டுவிட்டான். இனி பெயர் வைக்க வேண்டியதுதான் பாக்கி.

"தேவ்ரு இல்லப்பா, எங்க வீட்டுக் கல்லு" என்று சொல்லி, அவள் கல்லை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டாள். அவன் முறைத்துவிட்டுப் போனான்.

வாசல் குழாயில் குங்குமம் போகக் கழுவினாள். தினேஷைக் கூப்பிட்டு உடைக்கச் சொன்னாள். சுத்தியலை ஓங்கியவன் பாதியிலேயே நிறுத்தினான். "வேண்டாமுங்க்கா, பூஜை பண்ண கல்லு" என்று கீழே வைத்துவிட்டான். கோதண்டராமன் சுவர் பக்கம் திரும்பி நின்றார்.

முழுசாக இருக்கும்வரை அது சைட்டுக்குத் திரும்பிப் போகும் என்று ரமாவுக்குத் தெரிந்தது. அவளுக்கும் பயம்தான். "தப்பா இருந்தா மன்னிச்சுக்கோ" என்று முணுமுணுத்து, பழைய துண்டில் சுற்றி, சுத்தியலால் ஓங்கிப் போட்டாள். இரண்டாவது அடியில் கல் பிளந்தது. சாம்பலும் வெள்ளையுமாக வளையம் வளையமாக வரிகள், நடுவில் ஒரு சின்னப் பொந்து, அதற்குள் கற்கண்டு ஒட்டியது போலப் படிகங்கள். பையன் சொன்னது அத்தனையும் நிஜம். அவளுக்கு வெட்கமாகப் போயிற்று. ஆனாலும் இரண்டு பாதியையும் புரட்டிப் பார்த்து, கொஞ்சம் சின்னதாக இருந்ததைத்தான் அவனுக்குக் கொடுத்தாள்.

பெரிய பாதியைப் புருஷன் கையில் வைத்தாள். "இதை அஸ்திவாரத்துல போடலாம். அதுவரைக்கும் உள்ளே இருக்கட்டும்."

மறுநாள் காலை கோதண்டராமன் பஸ்ஸுக்குக் கிளம்பியபோது, சட்டைப்பையில் குங்குமச் சிமிழ் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டுத்தான் அவரை அனுப்பினாள்.